ஓர் ஆளுக்கு ஆக்குவது

படிவத்தில் பதினான்கு கட்டங்கள். பதின்மூன்றில் 'ஆம்' விழுந்துவிட்டது. தபால் கந்தோரில் பதிவுத் தபால் அனுப்புவாள், ஆம். கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வருவாள், ஆம். கிராம சேவகரோடு தலையைக் குனியாமல் கதைப்பாள், ஆம். பதினான்காவதில் மட்டும் மூன்று மாதமாக 'இல்லை' என்றே எழுதிக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டத்துக்கு நேரே இப்படி அச்சடித்திருந்தது: தனக்கான உணவைத் தானே அளவாகச் சமைத்துக்கொள்வார்.

கூத்து என்னவென்றால், எங்கள் வீட்டிலேயே கைப்பக்குவம் உள்ளவள் அவள்தான்.

எங்கள் வீடு என்று நான் சொல்வது கல்முனையில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்குப் போகும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. சிறுவர் இல்லங்களில் வளர்ந்து பதினெட்டு வயதோடு வெளியே வரும் பெண்பிள்ளைகள் நான்கு பேர் அதில் இருப்பார்கள். மூன்று வருடம் தங்கி, ஒரு வேலையைப் பிடித்து, தன் காலில் நிற்கப் பழகிக்கொண்டு போக வேண்டும். பகலில் அவர்களோடு இருப்பது நான். என் வேலைக்கு மேற்பார்வையாளர் என்று பெயர். பிள்ளைகள் சாச்சி என்றார்கள். உம்மாவின் தங்கச்சியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

எனக்கு ஒரு குணம் உண்டு. ஏன், எப்படி என்று கேட்காமல் ஒரு விஷயத்தை விடமாட்டேன். தேங்காய் கிடைக்காத நாளில் ஆட்களைத் துருவுகிறவள் என்று என் கணவர் சொல்லிச் சிரிப்பார். கூடவே கோபமும் சட்டென்று வரும். இரண்டும் சேர்ந்தால் இந்த வேலைக்கு அவ்வளவு நல்லதல்ல. ஆனால் அந்தப் பிள்ளையின் சோற்றுக் கதையில் என் துருவல்தான் முன்னால் போனது.

முறைவைத்து எல்லோருக்கும் ஆக்கிய காலத்தில் அவளுடைய நாள் வந்தால் அடுத்த நாளுக்கும் சோறு மிஞ்சும். தாராளக் கை என்று நாங்களும் விட்டுவிட்டோம். அடுத்த வீட்டுக் கோழிகள்கூட அவளுடைய முறையைத் தெரிந்துகொண்டு மதிலோரம் வந்து நிற்கும். கடைசி ஆறு மாதம் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் ஆக்கிச் சாப்பிட வேண்டும் என்பது வீட்டு விதி. அந்த முதல் நாள் அவள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். இருந்ததிலேயே பெரிய சட்டி நிறையச் சோறு. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

"இது ஆருக்கு மகள்?"

"எனக்குத்தான் சாச்சி."

"உனக்கா?"

"குறைச்சுத்தான் போட்ட," என்றாள். முகத்தில் பகிடி இல்லை. உண்மையாகவே குறைத்துத்தான் போட்டிருந்தாள்.

அவளுக்கு உம்மா இல்லை. வாப்பா வேறு குடும்பம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எட்டு வயதில் ஓர் இல்லத்தில் சேர்ந்து, பன்னிரண்டு வயதில் அதன் குசினிக்குள் நுழைந்தவள். அங்கே அறுபது பேர். சமையற்காரப் பெண்ணுக்கு முழங்கால் நோவு வந்த பிறகு காலையிலும் மாலையிலும் கிடாரத்தின் முன்னால் நின்றது இவள்தான். கிடாரம் என்பது ஒரு சின்னப் பிள்ளையை உட்காரவைத்துக் குளிப்பாட்டக்கூடிய பெரிய பாத்திரம். யாரும் அடித்து வேலை வாங்கவில்லை. கெட்டிக்காரி என்று மெச்சித்தான் வாங்கினார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளோடு அவளுடைய மூன்று வருடம் முடிகிறது. பதினான்கு கட்டத்திலும் 'ஆம்' இருந்தால் அவள் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கல்முனையிலேயே இருக்கலாம். ஒரு கட்டம் குறைந்தாலும் சொந்தக்காரர் பொறுப்பில் விட வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே சொந்தக்காரர் உம்மாவின் தம்பி. பொத்துவில் பக்கம், வெள்ளைக்காரர் வந்து கடலில் விளையாடும் கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். நோன்புக்கு முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்து மரியாதையாகத்தான் கதைத்தார்.

"மருமகள் வந்தா கடைச் சமையல அவ பாத்துக்குவா. அவவ நாங்க பாத்துக்குவம். வேற என்ன மிஸ் வேணும்?"

அவர் போன பிறகு அவள் வாழைப்பழத்தைப் பிய்த்து மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். தான் எடுக்கவில்லை.

"நான் போகல்ல சாச்சி," என்றாள். அவ்வளவுதான்.

அவள் அப்போது கடைத்தெருவில் ஓர் அச்சகத்தில் கம்பியூட்டரில் கல்யாணக் காட் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். எந்த ஊர் மாப்பிள்ளைக்கு எந்த நிறம் பிடிக்கும் என்றெல்லாம் சொல்வாள். மாமாவிடம் போனால் அந்த வேலை போய்விடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இடையில் நின்றது ஒரு சட்டிச் சோறு.

அதனால் நான் அவள் ஆக்குவதைப் பார்க்கத் தொடங்கினேன். குசினி வாசலில் ஒரு வாங்கைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவள் சுண்டு எடுப்பதே இல்லை. சுண்டு என்பது எங்கள் வீடுகளில் அரிசி அளக்கும் பால்பேணி. ஒரு சுண்டு போட்டால் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். அவள் இரண்டு கையையும் சேர்த்து அள்ளுவாள். தண்ணீருக்கு அரிசியின் மேல் விரலை ஊன்றி, மணிக்கட்டு மடிப்பு வரை வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அது கிடாரத்துக்கான அளவு. சின்னச் சட்டிக்குள் அவளுடைய கை முழுதாக இறங்காது, இறங்கினால் தண்ணீர் வெளியே வழியும். உப்புப் போட்டதும் முகத்தை ஆவிக்குள் நீட்டி மூக்கால் இழுப்பாள். இழுத்துவிட்டு, "காணாது," என்பாள். அல்லது, "காணும்." நான் போய் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். ஒரு தரம்கூடப் பிழைக்கவில்லை.

"ஏன் மகள் ருசி பாக்கிறல்ல?"

"இல்லத்தில ருசி பாத்தா களவெடுத்துத் தின்னுறாள் எண்டு சொல்லுவாங்க."

"அப்ப மூக்கால எப்பிடித் தெரியும்?"

"தெரியா. தெரியும்."

அன்றிரவு என் வீட்டில் நானும் கொதிக்கிற மீன் ஆணத்தின் ஆவியை மூக்கால் இழுத்துப் பார்த்தேன். தும்மல்தான் வந்தது. எத்தனை வருடம் பசியோடு நின்றால் உப்புக்கு மணம் வரும் என்று யோசித்தேன். கேட்கத் துணியவில்லை. என் வாய்க்கு அது பெரிய விஷயம்.

பிறகு சுண்டைக் கையில் கொடுத்துப் பழக்கினேன். அரைச் சுண்டு அரிசி, ஒரு சுண்டு தண்ணீர் என்று சுவரில் எழுதி ஒட்டினேன். பெரிய சட்டியில் அவ்வளவு கொஞ்சம் போட்டதும் ஒரு நாள் கருகியது. அடுத்த நாள் பயந்துபோய்த் தண்ணீரைக் கூட்டினாள், கஞ்சியானது. மூன்றாம் நாள் நான் கத்திவிட்டேன். அரைச் சுண்டு அரிசியை ஒழுங்காக ஆக்கத் தெரியாமல் எங்கே போய்க் குடித்தனம் நடத்தப் போகிறாய் என்று. அவள் சட்டியைக் கழுவினாள். நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் வாயை நானே திட்டிக்கொண்டு போனேன்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்திசாலித்தனமான யோசனை வந்தது. புத்திசாலித்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் பகல் சோற்றுப் பார்சல் கட்டி விற்கிறார். நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள், தாதிமார், பஸ்காரர்கள் என்று எண்பது பார்சலுக்குக் குறையாது. உதவிக்கு இருந்த பெண் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். அவருடைய வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் சும்மா கிடந்தது. அறுபது பேருக்கு ஆக்கத் தெரிந்தவளை ஓர் ஆளுக்கு ஆக்கப் பழக்குவானேன் என்று யோசித்தேன். தெரிந்த வேலையைக் கொடுத்தால் போகிறது. வேலையும் இருக்க இடமும் ஒரே வாசலில் கிடைத்தால், படிவத்தைப் பார்க்க வருகிற அதிகாரியும் பதினான்காவது கட்டத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவார். நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு லீவு நாளில், சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று சொல்லி அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

போன இடத்தில் அவள் அரை மணித்தியாலம் சும்மா நின்றாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் வாசலில் நின்று வாய் பார்த்தேன். அரிசி கழுவும் சத்தமே வேறு மாதிரி இருந்தது. எண்பது பேருக்குச் சோறு, பருப்பு, கீரி மீன் ஆணம், கத்தரிக்காய்ப் பொரியல். பகல் தொழுகைப் பாங்குக்கு முன்னால் எல்லாம் இறங்கிவிட்டது. எண்பதாவது பார்சலைக் கட்டி முடித்ததும் கிடாரத்தில் மிஞ்சியது ஓர் அகப்பைச் சோறு. பார்சல்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாஷா அல்லாஹ், இந்தப் புள்ளய எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? நாளைக்கே வரச் சொல்லுங்க. அறையக் கழுவி வெக்கன்."

திரும்பி வரும்போது எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஓட்டோவுக்குள் என் வாய் ஓயவில்லை. அறைக்கு என்ன திரைச்சீலை போடலாம் என்பது வரைக்கும் போய்விட்டேன். அவள் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். பஸ் நிலையம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சாச்சி, மாமாவும் இதத்தானே கேக்காரு."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"பன்னெண்டு வயசில இருந்து ஆக்கிறன். அதுல எனக்கெண்டு ஆக்கினது ஒரு பிடி இல்ல. ஒராளுக்கு ஆக்கப் பழக்கிறண்டு நீங்கதான் சொன்னீங்க. அதப் பழக்குங்க. பழகாட்டி மறுகா மாமாட்டப் போறன். அந்த அறை வேணாம்."

ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ரேடியோவைக் குறைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் பக்கத்தில் இருந்து பார்த்த நானும், வாழைப்பழத்தோடு ஒரு நாள் வந்த மாமாவும் அவளுடைய கையைத்தான் பார்த்திருந்தோம். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஆயிரம் கேள்வி கேட்கிற நான் கேட்டிருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அவளை வாங்கில் உட்காரவைத்துவிட்டு நான் அடுப்படியில் நின்றேன். இன்றைக்கு நான் ஓர் ஆளுக்கு ஆக்கிக் காட்டுகிறேன், நீ பார், என்றேன். அரைச் சுண்டு அரிசி எடுத்து அரிக்கன் சட்டியில் போட்டேன். கழுவப் போனேன்.

"சாச்சி, நில்லுங்க. இப்ப ஏன் ரெண்டு பிடி கூடப் போட்டீங்க?"

"நான் எப்ப போட்ட?"

"இப்பதான். சுண்டால போட்டுட்டு, கையாலயும் ரெண்டு பிடி."

எனக்கு நினைவே இல்லை. அரிக்கன் சட்டியைப் பார்த்தேன், அரைச் சுண்டுக்கு மேலேதான் இருந்தது. பிறகுதான் விளங்கியது. வருகிற ஆளுக்கு என்று இரண்டு பிடி. என் உம்மா போட்டார், மாமியார் போட்டார், கல்யாணமான நாளிலிருந்து நானும் போடுகிறேன். எங்கள் ஊர்களில் பகல் சோற்று நேரத்தில் வாசலில் யாராவது வந்து நின்றால், சாப்பிட்டீர்களா என்று கேட்பதுகூட இல்லை. சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துவிடுவோம். அந்தக் கோப்பைக்கான சோறு அந்த இரண்டு பிடியில் இருக்கிறது. என் கை என்னைக் கேட்காமலே அதைச் செய்துகொண்டிருந்தது.

"அப்ப உங்களுக்கும் ஒராளுக்கு ஆக்கத் தெரியா," என்றாள். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

உண்மைதான், தெரியாது. அதோடு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காண்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். நீங்கள் எப்போதாவது உங்களுக்கு மட்டும் சோறு ஆக்கியிருக்கிறீர்களா? ஒழுங்கையில் மீன் விற்க வருகிறவரிடம் கேட்டேன், பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரிடம் கேட்டேன், என் மூன்று சகோதரிகளிடமும் போனில் கேட்டேன். ஒருவரும் இல்லை. வீட்டில் ஆள் இல்லாத நாளில் பேக்கரியில் பாண் வாங்கித் தின்றோம் என்றார்கள். அல்லது பக்கத்து வீட்டில் கோப்பை வைத்தார்கள் என்றார்கள். மூத்த சகோதரி மட்டும், "ஏன், வீட்டில ஏதும் பிரச்சினையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

யோசித்தால் அது சரிதான். எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக்கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். ஒரு பெண் உம்மா வாப்பாவின் வீட்டில் இருப்பாள், அல்லது தன் வீட்டில் புருஷனோடும் பிள்ளைகளோடும் இருப்பாள். இரண்டும் இல்லாமல் ஒரு பெண் தனியாக ஒரு கதவைத் திறந்து, தனியாக ஒரு சட்டியை அடுப்பில் வைப்பாள் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. படிவத்தை அடித்தவர் மட்டும் நினைத்திருக்கிறார். அவர் எந்த ஊரோ.

சட்டி வாங்கக் கடைத்தெருவுக்கு இரண்டு பேரும் போனோம். ஓர் ஆளுக்கு ஆக்குகிற அளவில் சட்டி கேட்டேன். கடைக்காரர் ஏணியில் ஏறி, நூலில் கோர்த்த அலுமினியச் சொப்புச் சாமான்களை எடுத்துப் போட்டார்.

"எத்தின வயசுப் புள்ளைக்கு?"

"இருபத்தொண்டு," என்றாள் அவள்.

கடைசியில் பால் காய்ச்சுகிற சட்டி ஒன்றை மூடியோடு வாங்கினோம். கை மணிக்கட்டு வரை இறங்காது, ஆனால் விரல் இறங்கும்.

"அப்ப விரலின் எந்த வரை?" என்றேன்.

"பாப்பம்," என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பழக்கினேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேருமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். சுட்டுவிரலின் முதல் வரைக்குத் தண்ணீர் நின்றால் சம்பா உதிர்ந்து வேகிறது. முதல் வரைக்கு ஒரு நூல் கீழே நின்றால் நாட்டரிசி பாதி வேக்காட்டில் நிற்கிறது. அவள் அதையெல்லாம் அச்சகத்தில் வீணான ஒரு கல்யாணக் காட்டின் பின்பக்கம் எழுதிவைத்தாள். தண்ணீர் பிடிபட்டது. அரிசிதான் பிடிபடவில்லை. ஒரு நாள் மிஞ்சும், ஒரு நாள் காணாது. நீ எவ்வளவு சாப்பிடுவாய் என்று அவளிடம் கேட்டேன்.

"தெரியா."

"உனக்கு எவ்வளவு பசிக்கும் எண்டு உனக்குத் தெரியாதா?"

"கோப்பையில போட்டுத் தருவாங்க சாச்சி. தந்தத தின்னுவன். கூட வேணுமா எண்டு கேக்கிறல்ல. மிச்சம் வெக்கவும் ஏலா."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பதினான்காவது கட்டத்தில் அடித்திருந்த வரியை மறுபடியும் வாசித்தேன். சமைத்துக்கொள்வார் என்பது அங்கே கஷ்டமான சொல் இல்லை. தனக்கான என்பதுதான் கஷ்டம்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். சாப்பிடும்போது பாதியில் நிறுத்தி, இன்னும் வேண்டுமா என்று தன்னைத் தானே கேட்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் அவள் என்னைத்தான் பார்த்தாள், பதில் என் முகத்தில் இருக்கிறது என்று நினைத்தாள் போல. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அது லேசான காரியமில்லை, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் மகள் என்பது நாக்கின் நுனியில் துள்ளிக்கொண்டே இருந்தது. பத்து நாளில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காலையில் அவளுக்குச் சோறே பிடிக்காது. பகலில் முக்கால் சுண்டு வேண்டும், என்னை விடக் கூட. கத்தரிக்காய் பிடிக்கவே பிடிக்காது. இல்லத்தில் ஆறு வருடம் வாரத்தில் மூன்று நாள் கத்தரிக்காய் ஆக்கியவள். சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள்.

அதிகாரி கடைசித் தடவை வந்தது ஹஜ்ஜுக்கு ஒரு கிழமை இருக்கும்போது. நல்ல பெண், மட்டக்களப்பிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். கையில் படிவத்தோடு குசினிக்குள் நின்றார். அவள் முக்கால் சுண்டை வழித்துப் போட்டாள். விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு முட்டைப் பொரியல், ஒரு வெங்காயச் சம்பல். சோறு வெந்த பிறகும் அடுப்பை அணைக்கவில்லை. நேரம் போனது. மெல்லக் காந்தும் மணம் வந்தது. அணை, அணை என்று கண்ணால் சொன்னேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. தன் நேரத்துக்கு இறக்கிவைத்தாள்.

அதிகாரி மூடியைத் திறந்து அகப்பையால் கிண்டினார். அடியில் பொன்னிறமாகப் பிடித்திருந்தது.

"அடிப்பிடிச்சிட்டுதேம்மா," என்றார். பேனாவை எடுத்தார்.

"இல்ல மிஸ்," என்றாள் அவள். "பிடிக்க உட்ட. எனக்குக் காந்தல்தான் விருப்பம்."

அதிகாரி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு இது புதுச் செய்தி என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"எப்பயிருந்து விருப்பம்?"

"தெரியா. போன கிழமதான் தெரிஞ்ச."

அவர் பதினான்காவது கட்டத்தின் வரியை விரலால் தொட்டு வாசித்தார். பிறகு 'ஆம்' என்று எழுதினார். நான் பின்வாசலுக்குப் போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கோழிகள் மதிலோரம் வந்து நின்றன. அவற்றுக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை.

அறை கிடைத்தது வேறு கதை, சுருக்கிச் சொல்கிறேன். யாருடைய மகள் என்று கேட்டார்கள், எந்தக் குடி என்று கேட்டார்கள், தனியாகவா என்று கேட்டார்கள். ஏழு வாசலில் அப்படிக் கேட்டார்கள். எட்டாவது வாசலில் ஒரு பெண் கேட்கவில்லை. அவருடைய மகளுக்குக் கொடுத்த வீடு பூட்டிக் கிடந்தது, மகள் புருஷனோடு கட்டாரில். அதன் பின்பக்கத்து அறையைக் குசினியோடு கொடுத்தார். பூட்டின் திறப்பை நான் வாங்கி அவளிடம் கொடுக்கப் போனேன். அவள் தானே கையை நீட்டி அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மாமாவுக்குப் போன் எடுத்ததும் அவள்தான். பெருநாளைக்கு வருவேன், கடைக்கு வரமாட்டேன் என்று சொன்னாளாம்.

ஒரு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போகக் கூடாது என்பது விதி, போனால் நாம் அங்கேயும் மேற்பார்வையாளர் ஆகிவிடுவோம். அந்த மாதம் முழுதும் எனக்கு ஒரே யோசனை. சாப்பிடுகிறாளா, பாண் வாங்கித் தின்கிறாளா, யாருக்காவது ஆக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாளா. மாதம் முடிந்த அடுத்த நாளே இரண்டு மாம்பழத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேண்டுமென்று அல்ல, பஸ் தாமதமானதால் போய்ச் சேர்ந்தது சரியாகப் பகல் சோற்று நேரம். வேண்டுமென்று அல்ல என்பதைக் கணவர் நம்பவில்லை.

தட்டியதும் உள்ளே பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கதவைத் திறந்தாள். பின்னால் மேசையில் ஒரு கோப்பை. சோறு, ஒரு துண்டு மீன், சம்பல். பக்கத்தில் அந்தப் பால் சட்டி, அடிக் காந்தலோடு. இப்போதுதான் உட்காரப் போயிருக்கிறாள்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கோப்பையைப் பார்த்தாள். இந்தக் கரையில் எந்த வீட்டிலும் அந்த நேரத்தில் அடுத்து நடப்பது ஒன்றுதான். வீட்டுக்காரப் பெண் தன் சோற்றைப் பாதியாகப் பகிர்வாள், அல்லது முழுதையும் வந்தவர் முன்னால் நகர்த்திவிட்டு, எனக்குப் பசியில்லை என்பாள். அவளுடைய கை கோப்பை வரைக்கும் போனதை நான் கண்டேன். அங்கே நின்றது.

"சாச்சி," என்றாள். "சோறு ஒராளுக்குத்தான் ஆக்கின."

"ஓம்."

"தேத்தண்ணி தாறன். இரிங்க."

"முதல்ல நீ தின்னு. ஆறுது."

அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து மாம்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வயிறு என் காதுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டது. பாதியில் அவள் கையை நிறுத்தி, கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தி யோசித்தாள். பிறகு சட்டியை இழுத்து, அடியில் பிடித்திருந்த காந்தலைக் கரண்டியால் சுரண்டிக் கோப்பையில் போட்டுக்கொண்டாள். அதையும் தின்றாள். நான் எட்டிப் பார்த்தேன், ஒரு பருக்கை மிச்சம் இல்லை.

என் வாழ்நாளில் நான் போன வீடுகளில் பகல் சோறு கொடுக்காமல் என்னை அனுப்பிய வீடு அது ஒன்றுதான். வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன். பசியில் தலை சுற்றியது. இறங்குமிடம் வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.